எந்தக் கதவு மூடியிருக்கிறது?



பழைய கணினி கிளம்ப மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. சித்தூரிலும் சரி, திருப்பதியிலும் சரி, கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "போர்டு போயிடுச்சு சார், புதுசா பார்த்துக்குங்க" என்பது ஒன்று. "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு, ஃபார்மட் அடிச்சாத்தான் வரும்" என்பது இன்னொன்று. சில நேரம் இவை உண்மையாகவும் இருக்கும். ஆனால் கேபினட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறதே, அதுதான் சிக்கல். முதல் தீர்ப்பு கையிலுள்ள பணத்தைத் தின்னும். இரண்டாவது தீர்ப்பு தின்பதைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது.

"இந்தப் பழைய பெட்டியை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் ஜூன் மாதத்தில் சித்தூர்ப் பக்கம் ஓர் எடைமேடையில் போய் நிற்க வேண்டும். தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ்த் தொழிற்சாலைகளை நோக்கி வரிசை கட்டும் காலம் அது. எடைமேடையின் கணக்கு எங்கே போகிறது? அந்தச் சின்ன அறைக்குள் மஞ்சள் படிந்த கேபினட் ஒன்றுக்கு, பின்னாலுள்ள சீரியல் போர்ட் வழியாக. பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு சீட்டு அடிக்கும். இன்றைய மடிக்கணினியில் அந்த சீரியல் போர்ட்டே கிடையாது. மாற்றுவதென்றால் கணினியோடு மென்பொருளும், சில இடங்களில் எடை காட்டும் கருவியும் சேர்ந்தே மாற வேண்டியிருக்கும். பருவத்தின் நடுவில் யார் அதில் கை வைப்பார்கள்?

அச்சுக் கடைகளின் கதை இதைவிடப் பெரியது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லைக் கோடு மாறியதால் வீட்டில் பேசும் மொழி மாறிவிடவில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை தெலுங்கிலும் வேண்டும், தமிழிலும் வேண்டும். டி.டி.பி. கடைகள் இரண்டு மொழிகளையும் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் அடித்தன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தாலும் பேஜ்மேக்கருக்கு அது தெரியாது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு 1999-ல் டாம், டாப் என்ற குறியேற்றங்களை வகுத்து, 2010-ல் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. எல்லையின் இந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கோ எந்த அரசாணையும் கிடையாது. விற்பனையாளர் எதைக் கொடுத்தாரோ அதுதான் எழுத்துரு. சில மென்பொருள்களுக்குப் பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் என்ற பூட்டு வேறு உண்டு. அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. அந்தப் போர்ட்டும் இப்போது வருவதில்லை. ஊரின் இருபது வருடத் திருவிழா நோட்டீஸ், சங்க மலர், காரியப் பத்திரிகை எல்லாம் அப்படிப்பட்ட ஒரு கணினியின் வட்டில்தான் கிடக்கின்றன. அதை ஃபார்மட் அடிக்கச் சொல்கிறவர் எதை அழிக்கச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.

சரி, கணினிக்கு வருவோம். அது கிளம்புவது ஒரே நிகழ்ச்சி அல்ல. பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் படம் வரும்வரை வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. திருமலையில் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கதவு திறந்தால்தான் அடுத்த அறை. வரிசை நகரவில்லை என்றால் எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினியிலும் அதுவேதான் கேள்வி. விளக்கே எரியவில்லையா? மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பா? எழுத்து வந்து நின்றுவிட்டதா? மூன்றையும் நாம் "ஆன் ஆகலை" என்றே சொல்லிவிடுகிறோம். மெக்கானிக்கிடம் போனில் பேசும்போது இதை மட்டும் பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

விளக்கே எரியவில்லை என்றால் கணினியைத் தொடாதீர்கள். முதலில் யு.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பிளக்கில் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். வீட்டு யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் ஈயப் பேட்டரி. நம் வெயிலுக்கு இரண்டு மூன்று வருடம் தாங்கினால் அதிகம். 1985-ல் தொடங்கிய அமரராஜா நிறுவனம் திருப்பதிக்குப் பக்கத்திலேயே கரகம்பாடியில் பேட்டரி செய்கிறது. பேட்டரிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு யு.பி.எஸ். பேட்டரி எப்போது மாற்றினோம் என்று கேட்டால் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்காது. பேட்டரி செத்த யு.பி.எஸ். சில நேரம் உள்ளே வரும் கரண்டையும் வெளியே விடாது. பழி விழுவது கணினி மேல்.

அதற்கப்புறம் கணினிக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில் கணினி முழுதாக அணைவதே இல்லை. பிளக் செருகியிருக்கும்வரை ஊதா நிற வயரில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பல மதர்போர்டுகளில் சின்ன விளக்கு ஒன்று எரிந்து அதைக் காட்டும். அந்த விளக்கு எரிந்தும் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால், கோளாறு பொத்தானிலேயே இருக்கலாம். கேபினட்டின் முன்பக்கப் பொத்தான் தேய்ந்துபோவது மிகச் சாதாரணம். போர்டில் அந்த இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். விளக்கே இல்லை என்றால், பெரிய கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுப் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்துப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். விசிறி சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். விசிறி 9 வோல்ட்டிலும் சுற்றும். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்: 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே போகக் கூடாது, 5 வோல்ட் 4.75-க்குக் கீழே போகக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போனதும் 320-க்கும் மேற்பட்ட நேர்மின்னழுத்தமாக மாறி ஒரு கெபாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பல்லி உள்ளே போய்க் கருகிக் கிடந்தாலும் எடுக்க வேண்டியவர் வேலை தெரிந்தவர்தான்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்பதுதான் அதிகம் வரும் புகார். மானிட்டர் கேபிள் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தனி டிஸ்ப்ளே கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். தூசி தட்டிய மறுநாள் வரும் புகார் என்றால் செயலிக்குப் பக்கத்தில் இருக்கும் 4 முள் கனெக்டரைப் பாருங்கள். பென்டியம் 4 காலத்தில் வந்தது அது. அதைச் செருக மறந்தால் விசிறிகள் எல்லாம் ஜோராகச் சுற்றும். செயலிக்கு மட்டும் கரண்ட் இருக்காது.

இங்கே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும் எஸ்.எம்.பி.எஸ். சாம்பல் நிற வயர் வழியாக "எல்லாம் சரி" என்று ஒரு சமிக்ஞை கொடுக்கிறது. அது வரும்வரை செயலி காத்திருக்கும். வந்ததும், நினைவகத்தின் உச்சிக்கு 16 பைட் கீழே உள்ள ஒரு முகவரிக்குப் போய் முதல் கட்டளையைப் படிக்கும். 1978-ல் வந்த 8086 செயலி முதலாக இந்த வழக்கம்தான். அந்த முகவரியில் பயாஸ் என்ற தொடக்க நிரல் உட்கார்ந்திருக்கிறது. அது ராமைத் தேடும், டிஸ்ப்ளேயைத் தேடும். திரை இன்னும் கிடைக்காத நேரத்தில் ஏதாவது தப்பாக இருந்தால் எப்படிச் சொல்லும்? பீப் அடித்துத்தான் சொல்ல முடியும்.

இப்போது வரும் கேபினட்டுகளில் அந்தக் குட்டி ஸ்பீக்கரை வைப்பதில்லை. கணினியின் வாயை அடைத்துவிட்டு அதற்கு என்ன வலி என்று தேடுகிறோம். சில பத்து ரூபாய்க்கு ஒரு பஸ்ஸர் வாங்கிப் போர்டில் செருகிக் கேளுங்கள். அவார்டு பயாஸ் ஒரு நீள பீப்பும் இரண்டு குட்டி பீப்பும் அடித்தால் டிஸ்ப்ளேயில் குறை. நீள பீப் நிற்காமல் தொடர்ந்தால் பெரும்பாலும் ராம். பஸ்ஸர் நன்றாக இருந்தும் பீப்பே இல்லை என்றால், பயாஸ் பேசும் நிலைக்கே வரவில்லை. செயலி, போர்டு, கரண்ட் பக்கம் திரும்புங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இந்தச் சங்கேதம் மாறும். போர்டின் பெயரைப் பார்த்து அதன் கையேட்டைத் தேடுவதுதான் முறை. டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்றவற்றில் முன்பக்கத்தில் 1, 2, 3, 4 என்று விளக்குகளே உண்டு.

ராம் என்றதும் ரப்பர் ஞாபகம் வரும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் ராமின் தங்க முனைகளைத் தேய்த்துத் திரும்பச் செருகினால் கணினி எழுந்துவிடுகிறது. பக்கத்திலிருப்பவர்கள் மந்திரம் போட்டது போலப் பார்ப்பார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. முனையில் படிந்த அழுக்கும், ஸ்லாட்டில் இறுக்கம் தளர்ந்ததும் சேர்ந்து தொடர்பைக் கெடுத்திருக்கும். பாதி நேரம் தேய்த்ததால் அல்ல, கழற்றி மாட்டியதாலேயே சரியாகிறது. ஆகவே முதலில் கழற்றி மாட்டிப் பாருங்கள். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. மாதம் ஒருமுறை தேய்க்கும் மெக்கானிக்கிடம் ராமைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது வெயில். 1999 முதல் 2007 வரை வந்த பல மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் தலை உப்பி வெடித்தன. உள்ளிருக்கும் மின்பகு திரவத்தில் குறை. உலகம் முழுக்க இந்த வியாதி பரவியது. டெல் நிறுவனம் 2005-ல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. நல்ல கெபாசிட்டருக்கும் வெப்பம் எதிரிதான். சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. திருப்பதியில் மே மாதம் வெளியே 40-ஐத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டிவைத்த கேபினட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். காலையில் கிளம்பி மத்தியானம் அணைந்துவிடும் கணினி, பல தடவை அழுத்தினால்தான் எழும் கணினி, இவற்றைத் திறந்து செயலியைச் சுற்றியுள்ள உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் காரணம். உப்பிய கெபாசிட்டருக்காகப் போர்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை. நன்றாகச் சால்டர் பிடிக்கத் தெரிந்தவர் மாற்றிவிடுவார். சித்தூரில் ஆள் கிடைக்கவில்லை என்றால் வேலூரில் கிடைப்பார். திருப்பதிக்காரர்கள் போர்டைப் பையில் போட்டுக்கொண்டு சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வந்துவிட்டேன். அந்தச் சின்ன பொத்தான் செல்.

சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், பல பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதன் வேலை. ஐந்தாறு வருடம் ஓடியபின் அது தீர்ந்துபோகும். அப்போது கணினி தான் பிறந்த தேதிக்குத் திரும்பிவிடும். கிளம்பும்போது கறுப்புத் திரையில் "சிமாஸ் செக்சம் எரர்" என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்லும். தினமும் எஃப்1 அழுத்திக்கொண்டே பல வருடம் ஓட்டும் அலுவலகங்கள் உண்டு. தேதி 2009 என்று நிற்பதால் வங்கித் தளம் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழின் காலம் பொருந்தவில்லை என்று உலாவி மறுத்துவிடும். உடனே இன்டர்நெட் போய்விட்டது என்று கேபிள்காரரைக் கூப்பிடுவார்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எக்ஸ்பி காலத்து விண்டோஸை ஓரளவு புதிய போர்டில் ஏற்றும்போது, வட்டைப் படிக்கும் முறையை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்குப் பயாஸில் மாற்றிவைப்பார்கள். ஏனென்றால் ஏ.எச்.சி.ஐ. எக்ஸ்பிக்குத் தானாகத் தெரியாது. வருடங்கள் கழித்து செல் தீர்கிறது. ஒரு நாள் கரண்ட் போய் வருகிறது. பயாஸ் எல்லாவற்றையும் மறந்து தொழிற்சாலை அமைப்புக்கு, அதாவது ஏ.எச்.சி.ஐ.க்குத் திரும்புகிறது. விண்டோஸ் கிளம்பத் தொடங்கி, தன் வட்டையே தன்னால் பார்க்க முடியாமல், நீலத் திரையில் 0x0000007B என்ற எண்ணைக் காட்டி விழுகிறது. திரும்பக் கிளம்புகிறது, திரும்ப விழுகிறது. விண்டோஸ் 7-ல் இதே கதை எதிர்த்திசையிலும் நடக்கும்.

இந்த நிலையில் கணினி கடைக்குப் போனால் என்ன தீர்ப்பு வரும் என்று உங்களுக்கே தெரியும். "விண்டோஸ் போயிடுச்சுண்ணா, ஃபார்மட்." வட்டில் ஒரு கோப்பும் கெடவில்லை. வேண்டியது ஒரு செல்லும், டெலீட் அல்லது எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய்ச் சாட்டா என்று இருக்கும் இடத்தில் முறையை மாற்றி எஃப்10-ல் சேமிப்பதும்தான். அதற்குப் பதில் இருபது வருட வேலை அழிகிறது. மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் யாரும் கூலி தருவதில்லை, ஃபார்மட்டுக்குத்தான் தருகிறோம். ஆகவே கணினி நன்றாக ஓடும் நாளிலேயே பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். செல்லை மாற்றும் நாளில் உதவும்.

பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் பயப்படும் முன் பென்டிரைவ் ஏதாவது செருகியபடியே இருக்கிறதா பாருங்கள். அதை எடுத்ததும் எழுந்த கணினிகள் ஏராளம். அப்புறம் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். முடிந்தால் வேறு கேபிள் போடுங்கள். வட்டிலிருந்து டிக் டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் வட்டை அது முழுக்கத் துருவிக் கடைசி உயிரையும் எடுத்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொல்வதையும் கேட்காதீர்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டுக் கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் வரும். அதைத் தெரிந்தவர் செய்யட்டும்.

வட்டு நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் எழவில்லை என்றால், வேறு கணினியில் ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்து கிளப்புங்கள். 32 பிட் செயலி என்றால் ஆன்டிஎக்ஸ் போன்றவை ஓடும். வட்டில் எதையும் எழுதாமல் கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். அச்சுக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பேஜ்மேக்கர் கோப்புகளோடு விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். எழுத்துரு இல்லாத பழைய தமிழ்க் கோப்பில் முருகன் கோயில் கும்பாபிஷேகம் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். இயலுமானால் ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆகவும் மாற்றி வையுங்கள்.

2021 நவம்பர் மழையில் திருப்பதித் தெருக்களில் தண்ணீர் ஓடியபோது தரையில் வைத்த கேபினட்டுகள் நனைந்தன. அப்படி நனைந்ததை "வேலை செய்யுதா" என்று பார்க்கப் பொத்தானை அழுத்துவதுதான் பெரிய சேதம். பிளக்கைப் பிடுங்கி, செல்லைக் கழற்றி, சேறு போகக் கழுவி, நிழலில் சில நாள் காய வைக்க வேண்டும். வட்டுக்குள் தண்ணீர் போயிருந்தால் அதற்குக் கரண்டே கொடுக்கக் கூடாது.

எங்கே நிறுத்துவது என்றும் சொல்லிவிடுகிறேன். செயலியோ போர்டின் சிப்செட்டோ போய்விட்டால் பழைய போர்டைத் தேடி அலைவதில் பொருளில்லை. டாங்கிள் அல்லது சீரியல் போர்ட் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அந்த அலைச்சல் தகும். மற்றவர்கள் வட்டைக் கழற்றி யு.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கணினியில் படித்துக்கொள்ளலாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. ஆகவே எழுந்து நிற்கும் பழைய கணினி எடைச் சீட்டு அடிக்கட்டும், பத்திரிகை அடிக்கட்டும். இன்டர்நெட் கேபிளை மட்டும் அதில் மாட்டாதீர்கள். இனி எழவே எழாது என்று முடிவானால், காயலான் கடைக்குப் போகும் முன் வட்டையும் அந்தச் செல்லையும் கழற்றிக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் இரண்டு பேர் கேபினட்டையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். முன்னால் கொண்டுவாருங்கள், மூடியைக் கழற்றுவோம். கேள்விகளை அதை வைத்துக்கொண்டே கேட்கலாம்.